சோளக்கொல்லையின் களஞ்சியம்

“சோளக்கொல்லையோட ஊரை மட்டும் விட்டுடுங்க.”

நான் இதைச் சொன்னதும் வட்ட மேசையின் நடுவில் சுழன்றுகொண்டிருந்த கண்ணாடித் தட்டை யாரோ கை வைத்து நிறுத்தினார்கள். தாமரைக்கிழங்குச் சூப்பு கிண்ணத்தில் தளும்பி ஓய்ந்தது. மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

தானியப் பொறுப்பை என்னிடம் கொடுத்த அன்றைக்குத் தலைவர் இரும்பண்ணன் ஒரே ஒரு விதிதான் சொன்னார். எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் எடு, எப்போது வேண்டுமானாலும் எடு, ஆனால் எந்த ஊருக்கும் விலக்குக் கேட்காதே. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் மறுநாளே மற்ற எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், படை பட்டினி கிடக்கும். சரி என்று ஒப்புக்கொண்டுதான் பொறுப்பை வாங்கினேன். இதுவரை மீறவும் இல்லை. அழுதவர்களுடைய களஞ்சியத்தையும் காலி செய்திருக்கிறேன்.

“இன்னொரு தடவை சொல்லு வண்டி. காதுல சரியா விழல” என்றார் இரும்பண்ணன்.

காதில் நன்றாகவே விழுந்தது அவருக்கு.

இரும்பண்ணன் என்பது நாங்கள் போனில் ஆடும் விளையாட்டில் அவருடைய பெயர். வெளியே வூஹான் நகரத்தின் ஹான்யாங் பகுதியில் டயர் கடை வைத்திருக்கிறார். நான் விளையாட்டில் மாட்டுவண்டி. வெளியே தெங் சுயூன், ஹான்கோ பகுதியில் ஒரு பார்சல் கம்பெனி ஊழியர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படித்தேன். அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, தொலைந்துபோன பார்சல்களுக்காக முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது. படித்ததைப் படித்தபடி நான் பயன்படுத்தியது இந்தப் போன் விளையாட்டில் மட்டும்தான். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை.

சீனாவில் மூன்று ராஜ்ஜியங்கள் அடித்துக்கொண்ட பழங்காலத்து நாடு முழுக்க அதில் வரைபடமாக விரிந்து கிடக்கும். ஆளுக்கு ஓர் ஊர், ஊரைச் சுற்றி வயல். விளைந்த வயலை விரலால் தொட்டால் தானியம் களஞ்சியத்தில் போய் விழும். பல நூறு பேர் சேர்ந்து ஒரு கூட்டணி. தலைநகர் லுவோயாங்கை எந்தக் கூட்டணி பிடிக்கிறதோ அந்தக் கூட்டணிக்கே அந்த சீசனின் வெற்றி. சீசன் முடிந்தால் வரைபடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வெறும் மண்ணிலிருந்து தொடங்குவார்கள்.

மறுநாள் லுவோயாங் முற்றுகை. அதற்காகத்தான் இந்த மதிய விருந்து. வூஹானில் இருக்கிற முக்கியமான ஆட்கள் எல்லாம் நேரில் பார்க்கலாம் என்று இரும்பண்ணன்தான் கூப்பிட்டார். பாதிப் பேரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். போர்க்களத்தில் புலிமாதிரி பாய்கிற சிறுத்தை நேரில் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் விற்கிற ஆளாக இருந்தான்.

“விலக்குக் கேக்குறா அண்ணே” என்றான் சிறுத்தை. “தானியப் பொறுப்புக்காரியே விலக்குக் கேக்குறா. அதுவும் யாருக்கு? பதுக்கல்காரனுக்கு.”

“அவரு பதுக்கல.”

“களஞ்சியம் வாய் வரைக்கும் நிறைஞ்சு கிடக்கு. தினம் அறுக்குறான். ஒரு மூட்டை வெளிய வரல. படைக்கும் ஆள் அனுப்பல. அதுக்குப் பேரு என்ன, தர்மமா?”

“எதிரிக்குச் சேத்து வெக்கிறான்” என்றார் எதிரே ஒரு பெரியவர், வாத்துக் கழுத்தைக் கடித்தபடி. “உள்ளுக்குள்ள இருந்து காட்டிக்குடுக்கிற பேய் அவன்தான். நான் அப்பவே சொன்னேன்.”

அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை. நடந்த பிறகு, அப்பவே சொன்னேன் என்று மட்டும்தான் சொல்வார்.

படை எங்கே சிக்கிக்கொண்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தானியத்தை வண்டியில் ஏற்றி அனுப்பினால் இழுக்கிற மாடும் அதில்தான் தின்னும், ஓட்டுகிறவனும் அதில்தான் தின்பான். தூரம் கூடக்கூட மூட்டை மெலிந்துகொண்டே போகும். ஓர் எல்லைக்கு மேல், போய்ச் சேருவதைவிட வழியில் கரைவதுதான் அதிகம். அந்த எல்லை எது என்று இரும்பண்ணனிடம் சொன்னேன். இதற்கு மேல் போகாதீர்கள், என் வண்டிகளால் சோறு போட முடியாது என்றேன். “காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?” என்று கேட்டுவிட்டுக் கணவாயைத் தாண்டிப் போனார். இப்போது படை அங்கே பசியில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நிறைந்த களஞ்சியம் ஒன்றே ஒன்று, ஆற்று வளைவில் இருக்கிற சோளக்கொல்லையின் ஊர்.

கூட்டாளியின் ஊரில் படை நுழைய முடியாது. அதனால் முதலில் அவரைக் கூட்டணியிலிருந்து நீக்க வேண்டும். நீக்கிய நிமிஷமே அது எதிரியின் ஊர். படை உள்ளே போய் ‘திரட்டு’ என்ற பொத்தானை அமுக்கும். தானியம் முழுசாகக் கைக்கு வரும். ஊர் எரியும். எரிந்து முடிந்ததும் அந்த இடத்தில் ஊர் இருக்காது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவில் இதற்குத்தான் கை தூக்கச் சொன்னார்கள்.

“அவரு பதுக்கல” என்று மறுபடி சொன்னேன். “அவரு செத்துட்டாரு.”

வாத்துக் கழுத்துப் பெரியவர் மெல்வதை நிறுத்தினார்.

“யாரு?”

“சோளக்கொல்லை. நிஜப் பேரு பெங் தெஷுன். ஷியாவ்கான்ல மணல் லாரி ஓட்டினவரு. முன்னோர் கல்லறையக் கூட்டிக் கும்பிடுற நாளுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிட்டாரு. நுரையீரல்.”

“அப்ப தினம் அறுக்கிறது யாரு, பேயா?” என்றான் சிறுத்தை. யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்கள்.

“அவரு வீட்டம்மா.”

அந்த அக்காவின் குரலை நான் முதலில் கேட்டது ஒரு வாய்ஸ் மெசேஜில். சோளக்கொல்லையிடமிருந்து தானியம் வருவது நின்றுபோயிருந்தது. அவர் அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை. எங்களுக்குத் தூரம் குறையட்டும் என்று தன் ஊரையே பத்திரமான இடத்திலிருந்து பெயர்த்து முன்னால் கொண்டுவந்து வைத்தவர். “என் ஊரு முன்னாடி இருந்தா உன் மாட்டுக்குக் கால் வலிக்காதில்ல வண்டி?” என்பார். ஒவ்வொரு முறை மூட்டை அனுப்பும்போதும் இருமிக்கொண்டே, “சாப்பிட்டியா? படை சாப்பிட்டுச்சா?” என்று கேட்பார். இந்த நகரத்தில் என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. என்ன ஆச்சு அண்ணே என்று எழுதினேன். பதிலாக ஒரு பெண் குரல் வந்தது.

“அவரு இல்லீங்க. போயிட்டாரு. நான் அவரு சம்சாரம் குய்சி. இந்த வயலு மஞ்சளா ஆடிட்டே நிக்குது, தொட்டா சத்தம் வருது. தொடலாமா? ஏதும் தப்பாயிடுமா?”

ஒன்றும் தப்பாகாது, தொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அடிக்கடி பேசினோம். அக்கா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு மயக்கத்தில் கிடந்தபோதும், வயல் விளைந்திருக்கும், அறுக்காமல் விட்டால் வீணாகிவிடும் என்று அண்ணன் புலம்புவாராம். கடைசியில் விரல் நடுங்கி எங்கெங்கோ பட்டதால், அவர் விரலைத் தன் கையில் பிடித்து ஒவ்வொரு வயலாகத் தொட வைத்திருக்கிறார் அக்கா. இப்போது கேன்டீன் வேலை முடிந்ததும் தன் விரலால் தொடுகிறார். சாயங்காலம் அந்த ஊரின் வீடுகளில் விளக்கு ஏறும், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாராம். “வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது பாப்பா. அறுக்க மட்டும்தான் தெரியும்.”

அனுப்பத் தெரியாது. அதனால்தான் களஞ்சியம் நிறைந்தது. வாழ்நாளில் ஒரு மூட்டையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத மனுஷனுக்குச் செத்த பிறகு பதுக்கல்காரன் என்று பெயர். அனுப்ப நான் கற்றுக்கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் கடைசி மணி வரை அனுப்பிவிடுவார், நாங்களும் வாங்கித் தின்போம்.

இதையெல்லாம் மேசையில் சொன்னேன். அழகாகச் சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் பாதி முன்னே பின்னே வந்தது.

இரும்பண்ணன் எழுந்து நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். அவர் தன் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, இறந்தவருக்குப் படையலாக மதுவைத் தரையில் கோடாக ஊற்றினார். “தம்பி சோளக்கொல்லை, நல்லாப் போ” என்றார். வாத்துக் கழுத்துப் பெரியவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிறுத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தான். அவர்கள் நடிக்கவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்கள் மேல் பிரியம் வந்தது. முடிந்தது, இனி ஊரைத் தொட மாட்டார்கள் என்று நம்பி நானும் அழுதேன்.

உட்கார்ந்ததும் இரும்பண்ணன் மீனில் ஒரு துண்டை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

“சோளக்கொல்லை இப்ப இங்க உக்காந்திருந்தா என்ன சொல்லுவான்? நீயே சொல்லு வண்டி.”

மீன் துண்டைக் கிண்ணத்தின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

“எடுத்துக்கோங்கடான்னு சொல்லுவான். படை பசியா இருக்கிறப்ப என் களஞ்சியம் எதுக்குடான்னு சொல்லுவான். சொல்லுவானா மாட்டானா?”

“சொல்லுவான்!” என்றார்கள்.

“நாளைய முற்றுகைக்கு அவன் பேரையே வெக்கிறோம். சோளக்கொல்லை முற்றுகை. லுவோயாங் கோட்டைச் சுவத்துல அவன் கொடி பறக்கும்.”

கை தட்டினார்கள். சற்று முன்பு அழுத அதே முகங்கள்.

“தானியம்தானே வேணும்?” என்றேன். “அக்காகிட்டச் சொன்னா அவங்களே அனுப்புவாங்க. ஊரை எரிக்க வேணாம்.”

“அப்படிச் சொல்லு” என்றார் இரும்பண்ணன். “போடு போனை. நானே பேசுறேன்.”

போடக்கூடாது என்று உடனே தோன்றியது. ஆனால் அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம். “பாப்பா? இரு இரு, கை ஈரம்.”

“அக்கா, நான் இரும்பு பேசுறேன். தெஷுனோட தலைவன்.”

“ஐயோ, தலைவரா!” குரலுக்குப் பத்து வயது குறைந்தது. “அவரு உங்களப் பத்திச் சொல்லாத நாள் கிடையாது. இரும்பண்ணன் அப்படி அடிச்சாரு, இப்படிப் புடிச்சாருன்னு. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டுட்டே இருக்கோம் அக்கா. படைக்குத்தான் சாப்பாடு இல்ல. தெஷுன் களஞ்சியத்துல இருக்கிறத எடுத்துக்கலாமான்னு கேக்கத்தான்...”

“இதக் கேக்கணுமா? எடுத்துக்கோங்க! அது உங்களுக்குன்னு அவரு சேத்ததுதானே. நான் ஒரு மக்கு, எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாம அடைச்சு வெச்சிருக்கேன். படை பட்டினியாவா இருக்கு? அவரு இருந்தா என்னத் திட்டியிருப்பாரு.” மூக்கை உறிஞ்சினார். “எந்தப் பொத்தான்னு சொல்லுங்க. இப்பவே அமுக்குறேன்.”

சிறுத்தை தன் போனில் தூரத்தைப் பார்த்துவிட்டு, சரிவராது என்று தலையை ஆட்டினான். இரும்பண்ணனின் காதருகே குனிந்து, ஸ்பீக்கரில் விழாதபடி சொன்னான். எனக்குக் கேட்டது. வண்டியில் அனுப்பினால் முற்றுகை தொடங்கின பிறகுதான் போய்ச் சேரும், அதிலும் பாதியை மாடு தின்றிருக்கும். திரட்டினால் உடனே, முழுசாக.

இரும்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம் அக்கா. நாங்களே வந்து எடுத்துக்கிறோம்.”

“அப்படியா? நல்லதாப் போச்சு.” கொஞ்சம் தயங்கினார். “ஊருக்கு ஏதும் ஆகாதில்ல? விளக்கெல்லாம் எரியும்ல?”

“ஒண்ணும் ஆகாது அக்கா. அப்படியே இருக்கும்.”

போனைப் பிடுங்கினேன். “அக்கா...” என்றேன். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “அப்புறம் பேசுறேன் பாப்பா, மேலதிகாரி வர்றாரு. தலைவர்கிட்ட நான் பேசினதே பெருமை. எல்லாரும் வயிறாரச் சாப்பிடுங்க.” வைத்துவிட்டார்.

பிறகு கண்ணாடித் தட்டு மறுபடி சுழலத் தொடங்கியது.

“பொய் சொன்னீங்க” என்றேன்.

“என்ன பொய்? எடுத்துக்கோன்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“தானியத்தை எடுத்துக்கோன்னாங்க. ஊரை எரின்னு சொன்னாங்களா? நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து போனைத் திறந்தா அங்க கரிதான் இருக்கும்.”

“வண்டி,” என்றார், பொறுமையாக, டயருக்குப் பேரம் பேசுகிற வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல, “அது ஒரு பொம்மை ஊரு. இன்னும் கொஞ்ச நாள்ல சீசன் முடிஞ்சா எல்லாமே தானா அழியப்போகுது. நாம எரிக்கலன்னாலும் கம்பெனிக்காரன் துடைச்சிடுவான்.”

“அப்ப லுவோயாங்கும்தான் அழியும். அது எதுக்கு உங்களுக்கு?”

“அது வேற.”

“எப்படி வேற?”

சிறுத்தை குறுக்கே புகுந்தான். “காலேஜ்ல படிச்சிட்டா எல்லாத்துலயும் நியாயம் பேசணுமா? நீ எத்தனை பேரோட ஊரைக் காலி பண்ணியிருக்க? அப்பல்லாம் உன் வாய் எங்க போச்சு? உனக்குத் தெரிஞ்ச ஆளுன்னா மட்டும் வலிக்குதா?”

அவன் சொன்னது சரிதான். எனக்குத் தெரிந்த ஆள் என்பதால்தான் வலித்தது. தெரியாத எத்தனையோ பேருடைய ஊர்களில் யார் யாருடைய விரல் பட்டிருந்ததோ, நான் ஒருநாளும் கேட்டதில்லை. ‘திரட்டு’ என்று எழுதியிருந்த பொத்தானைத் திரட்டு என்றே படித்தேன். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வெற்றி அவனுக்குப் போய்விடும், அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை கிடையாது.

“கை தூக்குங்க” என்றார் இரும்பண்ணன். “சோளக்கொல்லைக்குக் கூட்டணியிலிருந்து மரியாதையோட விடை குடுக்கிறோம்.”

மரியாதையோடு. கைகள் மேலே போயின. வாத்துக் கழுத்துப் பெரியவரின் கைதான் கடைசி. என்னைப் பார்க்காமல் தூக்கினார்.

படைக்கும் ஆற்று வளைவுக்கும் நடுவில் இருக்கிற நிலம் முழுக்க என் பெயரில் இருந்தது. கிடங்கு வைக்கவும் வண்டி போக வழி விடவும் துண்டு துண்டாக நானே பிடித்த நிலம். கூட்டணியின் நிலத்தில் மட்டும்தான் கூட்டணியின் படை நடக்க முடியும். நான் விலகினால் நிலமும் என்னோடு விலகும். பசித்த படையால் அதைத் திரும்பப் பிடித்து அந்த ஊருக்குப் போக முடியாது. என் கிடங்குகளிலிருந்து ஒரு மணியும் முன்னணிக்குப் போகாது. முற்றுகை நடக்காது. அங்கே நிற்கிற படைகள் இந்த மேசையில் இருப்பவர்களுடையவை மட்டும் இல்லை. இரவுக் காவல்காரர்கள், நர்சுகள், கடை வைத்திருப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள், பல மாதம் ஆசையாய் வளர்த்த படைகள். பசியில் சிதறிப்போகும். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. படைக்குச் சோறு போடுங்கள் என்ற அந்த அக்காவின் ஆசையையும் சேர்த்துத்தான் நான் மறுக்கப்போகிறேன். வயிறாரச் சாப்பிடுங்கள் என்றார். நான் அவர்களைப் பட்டினி போடப்போகிறேன்.

எந்தப் பக்கம் போனாலும் யாருடைய சோற்றிலாவது மண். அதில் ஒரு பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

போனைத் திறந்து கூட்டணிப் பக்கத்துக்குப் போனேன். விலகு. உறுதியா என்று கேட்டது. நிலங்கள் பிரியும், திரும்பச் சேரச் சீசன் முடியும்வரை முடியாது என்று சிவப்பில் காட்டியது. அமுக்கினேன்.

சிறுத்தையின் போன்தான் முதலில் அலறியது. அவன் எடுத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது.

“அண்ணே, ரோடு போச்சு.”

“எந்த ரோடு?”

“எல்லா ரோடும். விலகிட்டா.”

மேசை முழுக்கப் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க ஆரம்பித்தன. இரும்பண்ணன் எழுந்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்தவரின் முகம்.

“வண்டி, ஏன்டி இப்படிப் பண்ணின? மூணு மாசமா நான் சரியாத் தூங்கலடி.”

“தெரியும் அண்ணே.”

“உன் ஊரு நம்ம நிலத்துக்கு நடுவுல இருக்கு, அதத்தான் முதல்ல எரிப்பானுங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டானுங்க. இன்னிக்குச் சாயங்காலமே.”

“எரிக்கட்டும்.”

“சேர்த்துக்கோன்னு இனிமே எங்கயும் போய் நிக்க முடியாது உன்னால. துரோகின்னு எழுதி ஒட்டிடுவாங்க.”

“துரோகிதான்” என்றேன். “அந்தக்கா கூப்பிட்டா, படை சாப்பிட்டுச்சுன்னு சொல்லிடுங்க. அந்தப் பொய்யை மட்டும் எனக்காகச் சொல்லுங்க.”

நாற்காலியின் முதுகில் தொங்கிய என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வாத்துக் கழுத்துப் பெரியவர் வழிவிடத் தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், முன்னணியில் இருந்த யாரோ ஒருவன் யாருடைய போனிலோ அழுதுகொண்டே திட்டினான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் இறங்கினேன்.